கழற்றி வைத்த நாள்கள்

இளையதம்பியின் பள்ளிக்கூட வான் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில், அவருடைய மகள் துஷாந்தினியின் போனில் "இன்று நல்ல நாள், பயமில்லை" என்று பச்சை எழுத்தில் ஒரு செய்தி கிடந்தது. செய்தியை அனுப்பியது சாத்திரியார் அல்ல, துஷாந்தினி தன் கையாலேயே எழுதிய கணினி நிரல். சாத்திரியார் சொல்லிப் பொய்த்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருக்கலாம். தானே எழுதி வளர்த்த நிரல் காலை வாரிவிட்டால் யாரைப் போய்த் திட்டுவது?

நல்ல காலம், வானுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. வேலிக்குள் வான் போனதைப் பார்த்துக் கைதட்டியவர்களும் அவர்களில் உண்டு. இளையதம்பிதான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடி, சட்டை ஒட்ட வியர்த்து, கை நடுங்க இருந்தார். வேலிக்காரர் ஓடி வந்து இறக்கி, நிழலில் இருத்தி, குடிக்கக் கொடுத்து விசிறியிருக்கிறார். சற்று நேரத்தில் ஆள் பழைய ஆளாகிவிட்டார். பிள்ளைகளை வேறொரு வானில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் வீட்டுக்குப் போன் எடுத்து, "ஒண்டுமில்லை, கண் கொஞ்சம் இருட்டிப்போச்சு" என்றார். ஒன்றும் இல்லாமல் யாருக்கும் கண் இருட்டுவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

முதல் தடவை கண் இருட்டியது பருத்தித்துறையில் வீட்டுக் கிணற்றடியில். அப்போதே நெல்லியடியில் உள்ள டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். இளையதம்பி நெடுங்காலமாக நீரிழிவுக்குக் குளிசை போடுகிறவர். டொக்டரம்மா சீனி பார்த்தார், பிரஷர் பார்த்தார், நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படமும் எடுத்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, குளிசையை விடாமல் போடுகிறாரா என்று கேட்டார். இரண்டுக்கும் இளையதம்பி தலையை நிமிர்த்தி "ஓம்" என்றார். அப்படியானால் இருதயத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய டொக்டருக்கு எழுதித் தந்தார். அங்கே கிடைத்த திகதி எங்கேயோ தூரத்தில் இருந்தது.

அதுவரை சும்மா இருக்கத் துஷாந்தினியால் முடியவில்லை. நெல்லியடியில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறவள் அவள். எந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் தங்களை விட்டுப் போவார் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் வேலை. முகம் தெரியாத சனங்களின் மனதைக் கணிக்கிறவளுக்குப் பெற்ற தகப்பனின் மயக்கத்தைக் கணிக்க முடியாதா? ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அப்பாவின் கையில் கட்டினாள். நாடித் துடிப்பு, நித்திரை, நடை, உடம்புச் சூடு என்று அது அளந்ததையெல்லாம் எடுத்துத் தன் நிரலுக்குத் தீனி போட்டாள். நாளுக்கு ஒரு செய்தி வரும். பச்சை என்றால் நல்ல நாள், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வானைத் தொடக்கூடாது.

நிரல் ஒன்றும் மக்கு அல்ல. கலியாண வீட்டில் சாப்பிட்டு வந்த இரவு அப்பாவுக்கு நித்திரை கெடும் என்பதைக் கண்டுபிடித்தது. தடிமன் வருவதை அவர் தும்ம முன்னமே சொன்னது. "உது எனக்கு வாற தும்மலையும் எண்ணுதோ பிள்ளை?" என்று இளையதம்பி பெருமையோடு சிரித்தார். ஆனால் எதற்காகக் கட்டினார்களோ அதில் கோட்டை விட்டது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது அவருக்கு இரண்டாம் தடவை தலை சுற்றியது. அன்றும் பச்சைதான் வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் படித்துக்கொள்ளும் என்று துஷாந்தினி தன்னைத் தேற்றிக்கொண்டாள். இப்போது வேலி.

அவள் ஸ்கூட்டியில் பருத்தித்துறை வந்து சேர்ந்தபோது தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எழுதியவர் தாய் பத்மாசினி.

"வானை விக்கிறதுதான். அச்சுவேலிப் பஞ்சலிங்கத்தோடை கதைச்சிட்டன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறன் எண்டவர்."

துஷாந்தினி அப்பாவைப் பார்த்தாள். அவர் எதிர்ப்பார் என்று நினைத்தாள். அவருடைய பரம்பரையே கடலோடியது; அவரும் தோணி இருந்தவரை கடலில் இருந்தவர். தோணி போன பிறகு கிடைத்த இந்த வான்தான் அவரைத் திரும்பவும் மனிதனாக்கியது. அதன் நெற்றியில் 'முருகன் துணை' என்று எழுதுவித்து, காலையில் வீடு கூட்டுகிறார்களோ இல்லையோ அதைத் துடைத்துப் பொட்டு வைத்துத்தான் எடுப்பார். அதில் ஏறிப் படித்த பிள்ளைகள் இன்று வங்கியிலும் கந்தோரிலும் இருந்துகொண்டு, தெருவில் கண்டால் "வான் மாமா" என்று கூப்பிடுகிறார்கள். அந்த வானுக்காக அவர் ஊரைக் கூட்டுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"கொம்மா சொல்லுறது சரி பிள்ளை," என்றார் இளையதம்பி. "என்னோடை போனால் பரவாயில்லை. ஆற்றையோ பிள்ளையளை ஏத்திக்கொண்டு போய் விழுந்தனெண்டால், நான் எந்த முகத்தோடை இந்த ஊரிலை இருக்கிறது? வித்துப்போட்டு வீட்டிலை குந்திறன்."

சண்டை பிடித்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திராது. சொல்லிவிட்டு அவர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு முற்றத்தில் நின்ற வானைப் பார்த்தார். அதன் முன்விளக்கில் ஒரு கிடுகுத் துண்டு இன்னும் சொருகியிருந்தது. வாட்ச் கையில் இல்லை என்பது துஷாந்தினியின் கண்ணில் பட்டது. வேலிக்காரர் முகம் கழுவிவிட்டபோது கழற்றியிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டாள். மீன் இல்லாமல் சோறு இறங்காத அந்த வீட்டில் அன்று மரக்கறி மட்டும் இருந்ததையும் கண்டாள். இருக்கிற கவலையில் அம்மாவுக்குச் சந்தைக்குப் போக எங்கே மனம் வந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணத்தைத் தானே சொல்லிக்கொண்டாள். படித்த பிள்ளைகளுக்கு இது ஒரு நோய், எல்லாவற்றுக்கும் கையோடு ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை, கணவன் ஜெயதீபன் படிப்பிக்கப் போன பிறகு, கொழும்பு வேலையை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்பாவின் நாடிக் கோடுகளைத் திரையில் விரித்தாள். இதுவரை நிரல் சொன்ன முடிவைத்தான் பார்த்தாளே தவிர, கோட்டை அதன் முகத்தில் பார்த்ததில்லை. இனிப் பார்த்தென்ன, ஞாயிற்றுக்கிழமை பஞ்சலிங்கம் வரப்போகிறார் என்று மனம் சோர்ந்தது. ஆனாலும் பார்த்தாள்.

மற்ற நாள்களில் கோடு ஏறி இறங்கி, துள்ளி, சறுக்கி, ஓர் உயிருள்ள மனிதன் எப்படி ஓடித் திரிவானோ அப்படி இருந்தது. பள்ளிக்கூட வாசலில் தலை சுற்றிய நாளின் கோடு விடியற்காலை வரை அப்படித்தான் போய், பிறகு கயிறு கட்டி இழுத்ததுபோல நேரே போனது. வேலிக்குள் போன நாளும் அதே. உடம்பு வியர்த்து நடுங்கிய நேரத்தில்கூட அந்தக் கோடு அசையவில்லை.

"இது அப்பா இல்லை," என்றாள் துஷாந்தினி, யாரும் இல்லாத அறையில் வாய்விட்டு.

அது அப்பா இல்லைதான். அது அவள். நிரலுக்குள் இடைவெளி இருக்கக்கூடாது. இருந்தால் அது கணக்குப் பார்க்காமல் முரண்டு பிடிக்கும். எனவே எண் கிடைக்காத இடத்தையெல்லாம் மற்ற நாள்களின் சராசரியால் நிரப்பிவிட வேண்டும் என்று அவளே எழுதி வைத்திருந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். பொத்தல் விழுந்த கிடுகுக்குப் பழைய ஓலையைச் சொருகுவது போலச் சொருகிவிட்டு, பொத்தல் இருந்ததையே மறந்துபோனாள். அப்பாவின் கையில் வாட்சே இல்லாத நேரத்துக்கெல்லாம் அவள் நல்ல நாளின் நாடியை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நிரல் பாவம், கொடுத்ததைத்தானே படிக்கும்.

போனை எடுத்தாள்.

"அப்பா, நேற்று மணிக்கூட்டைக் கழட்டினனீங்களோ?"

"ஓம். கோயிலுக்குப் போகேக்கை கழட்டித்தானே வைக்கிறனான்."

"பிறகு எப்ப கட்டினனீங்கள்?"

"இண்டைக்குக் காலமை. விரதம் முடியாமல் எப்பிடிக் கட்டிறது? மருமோன் போட்டுத் தந்தது தோல் பட்டியெல்லே. கொம்மா அதைச் சாமி அறைப் பக்கமும் அண்ட விடமாட்டா."

வாட்சோடு வந்த ரப்பர் பட்டி வியர்வைக்குக் கடிக்கிறது என்று மாமன் சொன்னதால், ஜெயதீபன்தான் நல்ல பிள்ளையாகத் தோல் பட்டி வாங்கிப் போட்டுக் கொடுத்திருந்தான்.

"நேற்று என்ன விரதம்?"

"அமாவாசை. செத்துப்போன என்ரை அப்புவுக்காகப் பிடிக்கிற விரதம்."

"பள்ளிக்கூட வாசல்லை தலை சுத்தின அண்டைக்கு?"

"அது கார்த்திகை, முருகன்ரை விரதம்."

"கிணத்தடியிலை விழுந்தது?"

"அதுவும் ஒரு அமாவாசைதான் பிள்ளை. ஏன் கேக்கிறாய்?"

"அண்டைக்கெல்லாம் குளிசை போட்டனீங்களோ?"

"போடாமல்? ஒருநாளும் விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவ எல்லே. காலமை எழும்பின உடனை தண்ணியோடை போட்டிடுவன்."

"அதுக்குப் பிறகு என்ன சாப்பிடுறனீங்கள்?"

"என்ன கேள்வி பிள்ளை இது?" இளையதம்பிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "விரதத்திலை ஆராவது சாப்பிடுவினமே? பொழுதுபட்டுப் பூசை முடிஞ்சாப் போலைதான் சோறு."

துஷாந்தினி போனைக் காதில் வைத்தபடியே சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். அவள் பிறந்த நாளிலிருந்து அப்பா பிடிக்கிற விரதம் இது. அந்த நாள்களில் அவளும் மரக்கறிதான் சாப்பிட்டு வளர்ந்தாள். கிணறு இருப்பது, வாசலில் வேம்பு இருப்பது போல அதுவும் வீட்டில் இருந்தது. கிணற்றைப் பற்றி யாராவது டொக்டருக்குச் சொல்வார்களா? சந்திரனையும் நட்சத்திரத்தையும் பார்த்து வருகிற நாள்கள் என்பதால் ஒருமுறை புதனில் வரும், ஒருமுறை சனியில் வரும். ஆங்கிலத் திகதியை வைத்துக்கொண்டு தேடிய அவள் கண்ணுக்கு அவை சிதறிக் கிடந்தன. விடுமுறை நாளில் விரதம் வந்தால் இளையதம்பி சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடப்பார். களைப்பு என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

"அழுறியோ பிள்ளை? எனக்கு ஏதும் பெரிய வருத்தமோ?" என்று அவர் பதறினார்.

"இல்லை அப்பா. பெரிசில்லைப் போலை. டொக்டர் சொல்லட்டும். சனிக்கிழமை வெளிக்கிட்டு நில்லுங்கோ, நான் வாறன்."

சனிக்கிழமை டொக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயா, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுறனீங்களோ எண்டு போனமுறை கேட்டனான் எல்லே?"

"ஓம், கேட்டனீங்கள். நானும் ஓம் எண்டு சொன்னனான்."

"அப்ப விரதம்?"

"விரதம் வேறை, சாப்பாடு வேறை, டொக்டர்," என்றார் இளையதம்பி. அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

டொக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அவர் போடுகிற குளிசை இரத்தத்திலுள்ள சீனியைக் குறைப்பது. சாப்பாடு உள்ளே போனால் கணக்குச் சரி. சாப்பிடாமல் குளிசையை மட்டும் போட்டால் அது இருக்கிற சீனியையும் இறக்கிவிடும். வியர்க்கும், நடுங்கும், கண் இருட்டும். சொல்லி முடித்துவிட்டுச் சட்டென்று கேட்டார்:

"வேலியடியிலை எப்பிடித் தெளிஞ்சனீங்கள்? குடிக்க என்ன தந்தவை?"

இளையதம்பி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "தண்ணி."

"வெறும் தண்ணியோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "சோடா."

"அமாவாசையிலையோ?" என்று பத்மாசினி கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டாள்.

"நான் கேக்கேல்லையப்பா. மயக்கத்திலை அவங்கள்தான் பருக்கிப்போட்டாங்கள்."

"பள்ளிக்கூட வாசல்லை?" டொக்டரம்மா விடவில்லை.

"ஐஸ்பழம்."

"ஐஸ்பழமோ!" என்றாள் பத்மாசினி.

"கிணத்தடியிலை?"

"குசினிக்கை போய் ஒரு துண்டு பனங்கட்டி," என்றார் குற்றவாளி.

இனிப்பு உள்ளே போனதும் ஒவ்வொரு தடவையும் தெளிந்திருக்கிறார். விரதத்தை முறித்துவிட்டோமே என்ற வெட்கத்தில் அதை யாருக்கும் சொல்லவில்லை. அதோடு நின்றாரா? அப்புவுக்கும் முருகனுக்கும் செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக, அடுத்த விரதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். முன்பெல்லாம் இடையில் ஒரு பால்தேத்தண்ணீராவது குடிக்கிற மனிதர், போன அமாவாசைக்கு வெறும் தண்ணீரோடு நின்றிருக்கிறார். குற்றமும் பரிகாரமுமாக மாறி மாறிப் போய்த்தான் வான் வேலிக்குள் ஏறியது.

"நீங்கள் களவாய்ச் சாப்பிட்டதுதான் ஐயா உங்களைக் காப்பாத்தினது," என்றார் டொக்டரம்மா. இருதயப் பரிசோதனைக்கும் ஒருமுறை போய் வரச் சொன்னார். ஆனால் முன்பு இருந்த பயம் அவர் முகத்தில் இல்லை. விரத நாளில் காலைக் குளிசையை விட்டு, மாலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், பகலில் பாலும் பழமும் எடுக்க வேண்டும், விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும் என்றார். முதலாவது விரதத்துக்கு வானைத் தொடாமல் வீட்டிலிருந்து பார்த்து வந்து காட்டவும் சொன்னார். "இது உங்கடை உடம்புக்கு நான் சொல்லுறது. கேட்டுப்போட்டு ஊரிலை ஆருக்கும் வைத்தியம் பாக்காதேங்கோ."

இளையதம்பிக்கு முகம் தெளியவில்லை. "பால் பழம் எடுத்தால் விரதம் விரதமாகுமோ?"

அதற்குப் பத்மாசினிதான் பதில் சொன்னாள். "ஐஸ்பழம் எடுக்கலாம், வாழைப்பழம் எடுக்கக்கூடாதோ?"

டொக்டரம்மா சிரித்தார். துஷாந்தினி சிரித்தாள். கடைசியில் குற்றவாளியும் சிரித்தார். அந்தச் சிறிய அறைக்குள் வந்தபோது நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்த பாரத்தை மூவரும் அங்கேயே இறக்கிவிட்டு வெளியே வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சலிங்கம் வந்தார். வானைச் சுற்றிப் பார்த்தார், ரயரைக் காலால் தட்டினார், கிடுகு கீறிய இடத்தைத் தடவித் தடவிக் குறை சொன்னார். இளையதம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வானை விற்கச் சொன்ன பத்மாசினியே தேத்தண்ணீரோடு வந்து, "இப்ப விக்கேல்லை அண்ணை, குறை நினைக்காதேங்கோ," என்றாள். அவர் குறை நினைத்துக்கொண்டுதான் போனார். தேத்தண்ணீரை மட்டும் மிச்சம் விடாமல் குடித்துவிட்டுப் போனார்.

துஷாந்தினி நிரலைத் திருத்தினாள். இடைவெளியைச் சராசரியால் நிரப்பும் வரியை அழித்தாள். நாட்காட்டியைப் பார்த்து அமாவாசையையும் கார்த்திகையையும் அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். வாட்ச் கையில் இல்லாவிட்டால் பச்சை காட்டாதே, என்னைக் கேள் என்று எழுதினாள். பத்மாசினி தன் பங்குக்கு நெல்லியடிக் கடையில் ஒரு துணிப் பட்டி வாங்கி, மஞ்சள் நீர் தெளித்து, தோல் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டினாள். இனிக் கோயிலுக்குள்ளும் கட்டலாம்.

அடுத்து வந்த கார்த்திகைக்கு இளையதம்பி வீட்டிலேயே இருந்தார். பாலும் பழமும் எடுத்து, விரலில் குத்திப் பார்த்து, மகளுக்குப் போனில் இலக்கத்தைச் சொன்னார். குத்துகிறது என்று முனகினார், மயங்கவில்லை. இலக்கங்களைப் பார்த்த டொக்டரம்மா, இனி வானை எடுக்கலாம் என்றார்.

பிறகு அமாவாசை வந்தது. முதல்நாள் மாலையே எல்லோருடைய போனிலும் செய்தி விழுந்தது: "நாளை விரதம். காலைக் குளிசை வேண்டாம். பால், பழம். வான் எடுக்க முன் விரலில் பார்க்கவும்."

அன்று துஷாந்தினி கொழும்புக்காரருக்கு ஒரு வேலையும் செய்யவில்லை. அப்பாவின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலை, கோயிலில் தீபம் காட்டுகிற நேரமாக இருக்க வேண்டும், கோடு மெல்ல ஏறி நின்று இறங்கியது. இத்தனை வருடமும் அப்பா கும்பிடும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் ஏறுகிற நேரம் துள்ளியது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்தது. வான் வேலிக்குள் போன அந்த நேரமும் வந்தது. அவள் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். கோடு கோணல் மாணலாக, ஒழுங்கில்லாமல், அழகாக ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. வழக்கமாக அவர் இந்தப் பாதையால் வருவதில்லை. துஷாந்தினி செருப்பும் போடாமல் படலைக்கு ஓடினாள். வான் நிறையப் பிள்ளைகள், ஜன்னல் நிறையக் கைகள். இளையதம்பி துணிப் பட்டி கட்டிய கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

"பச்சையோ பிள்ளை?"

"பச்சை, அப்பா," என்றாள். சொல்லி முடிக்க முன்னமே வான் கிளம்பிவிட்டது, பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள்.